கைகோத்த கந்தகம்

கடைசியாக அம்சவல்லியை உயிரோடு பார்த்தபோது அவள் தண்ணீர் கேட்டாள். டம்ளர் நிறைய இல்லை, ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று விரலை மடக்கிக் காட்டினாள். நர்ஸ் ஈரப் பஞ்சை எடுத்து அவள் உதட்டில் ஒற்றிவிட்டு, "இதுக்கு மேல கூடாதுங்கய்யா, நெஞ்சுல நீர் கோத்துக்கும்" என்றாள். தெய்வசிகாமணி தலையாட்டினார். கீழே மருந்துக் கடையில் வரிசை நீளமாக இருந்தது. மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அது நடந்து ஆறு வருஷம். இப்போது, அந்த அம்சவல்லி காலையிலிருந்து ராத்திரி வரை பதினோரு வருஷம் நின்ற அதே ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில், மெத்தை வைத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் திணித்துவிட்டுப் போகிறான் ஒருவன். "குடிங்க சார், கூலிங் வேணுமா, சாதாவா?" வாடிக்கையாளருக்கு இலவசம். கூலிங் வேணுமாம். அவள் நின்ற காலத்தில் இந்தக் கேள்வியை இந்தக் கட்டடத்தில் ஒருவன் அவளிடம் கேட்டதுண்டா? காலையில் ஒரு வாய் காபியோடு கிளம்புவாள். ஏண்டி, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போயேன் என்றால், "குடிச்சா போகணும், போகணும்னா சாவி கேட்கணும்" என்பாள். பெண்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில். சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில். லிஃப்டில் சிப்பந்திகள் ஏறக் கூடாது. அந்தச் சட்டைப்பையிலிருந்து சாவியை வாங்குவதைவிடத் தாகத்தோடு நிற்பது சுலபம் என்று அங்கே நின்ற எல்லாப் பெண்களும் முடிவுசெய்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாக வருகிறவளும் ஒரு வாரத்தில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவாள். இப்போது உட்கார நாற்காலி கொடுக்கவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. வந்திருக்கிறது, பார்த்தால் தெரிகிறது. மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

மேடையில் வெள்ளை விரிப்பின் மேல் புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. விரித்துப்போட்டவளுக்கு நாற்பது வயது இருக்கலாம், சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ஜெபமாலை என்று எழுதியிருந்தது. மேடைக்கு இந்தப் பக்கம் நடுவில் அவர் மகள் சங்கவி. ஒருபுறம் மாப்பிள்ளையின் அம்மா மங்கையர்க்கரசி, மறுபுறம் அவருடைய மச்சினன், அம்சவல்லியின் தம்பி நாகசுந்தரம். தாய்மாமன் என்கிற உரிமையில் கூறைப்புடவைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு சம்பந்தி" என்று மங்கையர்க்கரசி வந்ததுமே சொல்லியிருந்தாள். "கூறை எடுக்க உக்காந்தா பொண்ணு நடுவுல எந்திரிக்கக் கூடாது. எடுத்து, மடியில வச்சு, அப்புறந்தான் எந்திரிக்கணும். என் மாமியாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்." நாகசுந்தரம் உடனே, "அதுக்கென்ன தங்கச்சி, எங்க பொண்ணு ஆணியடிச்ச மாதிரி உக்காருவா" என்றான். சிரித்தார்கள். சங்கவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் ஓரத்தை அவர் பார்த்தார். அவள் காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை. வீட்டில் கிளம்பும்போது வழக்கமாகத் தோளில் மாட்டும் பெரிய பாட்டிலை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தாள். "மறந்துட்டியாம்மா?" என்றதற்கு, "இல்லப்பா, இன்னைக்கு வேண்டாம்" என்றாள். இன்னைக்கு வேண்டாம். அம்மாவும் இப்படித்தான் ஒவ்வொரு நாளாகச் சொன்னாள், இன்னைக்கு வேண்டாம், இன்னைக்கு வேண்டாம். உடம்புக்குள்ளே இருப்பதற்கு இன்னைக்கு நாளைக்கு எல்லாம் தெரியுமா? அது பாட்டுக்குச் சேரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கவிக்கு வலி வந்து சுருண்டபோது பெரியாஸ்பத்திரியில் எடுத்த கல்லை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த டாக்டர் நிலோஃபர், "இது என்னங்க பனங்கற்கண்டு மாதிரி இருக்கு?" என்றார். மஞ்சளாக, மெழுகுபோல, வெளிச்சம் பாதி உள்ளே போய் நிற்கிற மாதிரி. "இதைச் சோதனைக்கு அனுப்பணும்."

சோதனைக்கு அனுப்பணும். அந்த ஒரு வார்த்தை! அம்சவல்லிக்கு மூன்று தடவை எடுத்தார்கள், காசு வாங்கிக்கொண்டு எடுத்தார்கள், மூன்று தடவையும் கல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கல்யாண வீட்டில் தேங்காய்ப் பை கொடுப்பதுபோலக் கையில் கொடுத்தார்கள். "வீட்ல வச்சுக்குங்க." வைத்துக்கொண்டு என்ன செய்ய? பூஜை செய்யவா? ஒருவராவது அது ஏன் வெள்ளையாக இல்லை என்று கேட்டாரா? எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்று. "சொந்த ஊரு எது?" அரியலூர்ப் பக்கம் என்றதும் முடிந்தது, தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "அதான், சுண்ணாம்புத் தண்ணி." நாகசுந்தரமும் அதையேதான் சொன்னான், அவன் அப்பா அதையேதான் சொன்னார். அவன் அப்பா என்றால் தெய்வசிகாமணியின் தாய்மாமன், அந்த மாமன் மகளைத்தான் அவர் கட்டினார். அந்த வீட்டில் கல் விழாத ஆள் குறைவு. பெரியப்பா, அத்தை, கல்யாணமாகாமலே போன ஒரு சித்தி, எல்லாருக்கும் கிணற்றின்மேல் பழி. வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், தக்காளி கூடாது, சுண்ணாம்பு தடவிய வெற்றிலை கூடாது. ஒரு கல்யாணப் பேச்சில்கூட, "அந்தத் தண்ணியக் குடிச்சு வளர்ந்த பொண்ணு, கெட்டியா இருக்கும்" என்று கேலி பேசியிருக்கிறார்கள். ஊரைவிட்டுத் திருச்சிக்கு வந்து காவிரித் தண்ணீர் குடித்தவளுக்கும் ஏன் வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கல்லில் சுண்ணாம்பு துளிகூட இல்லை என்று டாக்டர் நிலோஃபர் சொன்னபோது அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு கிணற்றை இத்தனை வருஷம் திட்டியிருக்கிறோமே என்ற கோபம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பின்னே என்னம்மா அது? "புரதத்துல இருக்கிற ஒரு சத்துங்க. சிஸ்டீன்னு பேரு. நாம சாப்பிடுற முட்டை, பருப்பு, கறி எல்லாத்துலயும் இருக்கு. நல்ல சாமான்தான்." நல்ல சாமான்தானாம். டாக்டர் தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு கந்தகக் கை இருக்கு. ஒத்தையா இருந்தா தண்ணியில நல்லாக் கரையும். ரெண்டு சேர்ந்து இப்படிக் கையக் கோத்துக்கிச்சுன்னா, அதுக்கு சிஸ்டைன்னு பேரு, அது லேசுல கரையாது." விரல்களைக் கோத்து இறுக்கிக் காட்டினார். அந்தப் பெண்ணின் கைகளை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சேர்ந்தால் கரையாது. சேர்ந்திருங்கள் என்று ஊரெல்லாம் வாழ்த்துகிறார்களே.

"இந்த மாம்பழக் கலர் எப்படிம்மா, பார்டர் பாருங்க, தனியாச் சேத்து நெய்த கோர்வை" என்று ஜெபமாலை ஒரு புடவையை விசிறினாள். ஒரு முனையைச் சங்கவியின் தோளில் போட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள். சங்கவியின் முடி அந்தப் பட்டின்மேல் நேராக, நீரோட்டம்போல விழுந்தது. போன வாரம்தான் பார்லரில் அந்த முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். சுருட்டை முடி, அம்சவல்லியின் முடி. வீட்டுக்குள் நுழைந்தபோது அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடித்தது, அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, அதே கந்தகம். டாக்டர் சொன்னபிறகு நூலகத்தில் போய் உட்கார்ந்து தேடித்தேடிப் படித்திருக்கிறார். அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த காலத்திலிருந்து கையில் வந்த தாளை எல்லாம் படிக்கிற பழக்கம். முடி முடியாக நிற்பதே அந்தக் கைகள் கோத்திருப்பதால்தான். நகமும் அப்படி, ஆட்டு ரோமமும் அப்படி. பார்லர் மருந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது, சூட்டில் முடியை இழுத்து நேராக்குகிறார்கள், இன்னொரு மருந்து போட்டதும் புதிய இடத்தில் மறுபடி கோத்துக்கொள்கின்றன. இதோ அவர் பையில் ஐஸ் டப்பாவுக்குள் இருக்கிற இன்சுலின், அதில் இரண்டு சங்கிலிகள், அவற்றைப் பிடித்து நிறுத்துவதும் அதே கைகள்தான். பிரிந்தால் இன்சுலின் இல்லை. உடம்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஈரலில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது, மூன்று கண்ணி கொண்டது, நடுக்கண்ணி இதுதான். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் நீர் வருவதுகூட இதன் உறவுக்காரன் செய்கிற வேலை. அம்சவல்லி சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே, "உங்கள நெனச்சு அழுவறேன்னு நெனச்சுக்காதீங்க" என்பாள். இத்தனை இடத்தில் இத்தனை ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றுக்கு அவள் சிறுநீரகத்தில் மட்டும் என்ன பகை? பகை அதன்மேல் இல்லை. வடிகட்டியதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாசல் இருக்கவேண்டும், அவளுக்கும் மகளுக்கும் அந்த வாசல் திறக்காது, அதனால் எல்லாம் வெளியே வந்து சிறுநீரில் கூடுகிறது, தண்ணீர் போதாத நேரத்தில் கைகோத்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். அதற்கு முதல் மருந்து என்ன தெரியுமா? தண்ணீர். "சிறுநீர் நிறமே இல்லாமப் போகணும். நடுராத்திரி எந்திரிச்சும் ஒரு சொம்பு குடிக்கணும். அதுலயே பாதி ஜெயிச்சிடலாம்" என்றார் டாக்டர். தண்ணீர்! அதைத்தான் இந்தக் கட்டடம் பதினோரு வருஷம் அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது. கடைசியில் இரண்டு சிறுநீரகமும் அடைத்துச் சுருங்கியபிறகு ஆஸ்பத்திரியும் கொடுக்கக் கூடாது என்றது. குடித்திருக்கவேண்டிய நாளில் சாவி இல்லை. சாவி தேவைப்படாத நாளில் தண்ணீர் கூடாது.

அந்தப் பட்டைத் தொட்டுப் பார்த்தார். வழுவழுவென்று ஓடியது. பட்டில் அந்தச் சாமான் கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம். அதுதான் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நழுவுகிறதோ என்னவோ. இத்தனை விலைக்கு விற்கிற இதில் அது இல்லை, தலையிலிருந்து உதிர்கிற முடியில் நிறைய இருக்கிறது. "என்ன சம்பந்தி, புடிச்சிருக்கா?" என்றாள் மங்கையர்க்கரசி. "நல்லாருக்கு" என்றார். நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு. மோசமானவள் இல்லை இந்த அம்மாள். பெண் பார்க்க வந்த அன்று தட்டுகளைத் தானே எடுத்து அடுக்களைக்குக் கொண்டுபோனவள். ஆனால் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று அவர் கிளம்பியபோது நாகசுந்தரம் வாசலிலேயே மறித்தான். "மச்சான், கல்லு யாருக்கு இல்ல? ஊருல பாதிப்பேருக்கு இருக்கு. நீங்க போய் பரம்பரை, கந்தகம், கைகோக்குதுன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவங்க என்ன நெனைப்பாங்க? பொண்ணுக்குக் கிட்னி இல்லன்னே பேசுவாங்க." சங்கவியும், "நானே அவர்கிட்ட அப்புறமா சொல்லிக்கிறேம்ப்பா" என்றாள். அப்புறமா என்றால் எப்போது? தாலி கட்டியபிறகு, ஒரு புது வீட்டில், ராத்திரி மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடிக்கிற பெண்ணை, மூன்று தடவை கழிப்பறை விளக்கைப் போடுகிற பெண்ணை, என்னம்மா உனக்கு என்று கேட்கிற நாளிலா? கேட்பதற்கு முன்னாலேயே இவள் குடிப்பதை நிறுத்திவிடுவாள். அதுதான் நடக்கும். வெட்கம் போதும், வேறு யாரும் தடுக்கவேண்டாம். இதோ இப்போதே நிறுத்திவிட்டாளே. டாக்டர் நிலோஃபர் வேறு சொன்னார், வாசல் திறக்காமல் போக அப்பா பக்கம் ஒரு பாதி, அம்மா பக்கம் ஒரு பாதி பழுது வேண்டும். "உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா பாதி உங்ககிட்டதான் இருந்திருக்கு." சொந்தத்தில் கொடுத்து வாங்கினார்கள், அதனால் இரண்டு பாதியும் ஒரே வீட்டில் தேடிப்பிடித்துச் சேர்ந்துகொண்டன. இந்தப் பையன் அந்நியம், பிள்ளைகளுக்கு அனேகமாகப் பயமில்லை என்றும் சொன்னார். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? என்ன எழவு இருக்கிறது மறைக்க? ஒரு பெண் தண்ணீர் குடிப்பாள், குடித்தால் போவாள். இதைச் சொல்ல ஒரு வீடே நடுங்குகிறது.

சங்கவி நாக்கால் உதட்டைத் தடவினாள். ஏசிக் காற்று, புதுப்பட்டின் கஞ்சி வாசனை, எங்கோ ஒரு குழந்தை சிணுங்குவது, இவற்றுக்கு நடுவே அந்த நாக்கு மறுபடி வந்து உதட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. ஈரப் பஞ்சு. அன்று அவர் தலையாட்டியது. வந்து எவ்வளவு நேரமாயிற்று, அரக்கு வேண்டாம், ராமர் பச்சை வேண்டாம், இது சாயம் போகுமோ, அது கனமோ, இன்னும் நூறு புடவை பார்ப்பார்கள் போலிருக்கிறது. அவள் உள்ளே இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும்? நீர் வற்றி வற்றி மஞ்சளாகி, அதில் ஒன்று இன்னொன்றைத் தேடி, கையை நீட்டி... படத்தில் பார்த்திருக்கிறார், ஆறு பக்கம் உள்ள சின்னச் சில்லுகள், ஒவ்வொன்றும் அளவெடுத்து வெட்டியதுபோல, தரையில் பதிக்கிற ஓடுபோல. அவ்வளவு அழகாக இருக்க அதற்கு என்ன உரிமை? ஜெபமாலை மூச்சு வாங்கி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். மாறி மாறி நிற்கிற அந்த நிற்பு அவருக்குத் தெரியும். அம்சவல்லி வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கும்போதுகூட அப்படித்தான் நிற்பாள், பழக்கதோஷம். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று ஜெபமாலை சங்கவியிடம் ஒரு பாட்டிலை நீட்டினாள். "வேண்டாம்க்கா." மங்கையர்க்கரசி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "பாத்தீங்களா சம்பந்தி, எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கா. எங்க வீட்டுக்குன்னே பொறந்தவ." நாகசுந்தரம் பெருமையோடு, "எங்க அக்கா வளர்ப்பு தங்கச்சி. எங்க அக்கா இதே கடையிலதான் நின்னுச்சு. நாள் பூரா நிக்கும், ஒரு வாய் தண்ணி கேக்காது" என்றான்.

அந்த வாக்கியம் எங்கே போய் விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்துவிட்டிருந்தார். மடியிலிருந்து எதுவோ கீழே சரிந்தது. கையிலிருந்த பாட்டிலின் மூடி திருகிய சத்தம் அவருக்குப் பெரிதாகக் கேட்டது. மேடைவரை நடந்து போய் மகளின் கையைப் பிடித்து அதில் பாட்டிலை வைத்தார். "குடி." "அப்பா..." "குடிம்மா." "மச்சான், என்ன இது, உக்காருங்க, அதெல்லாம் அப்புறம்" என்று நாகசுந்தரம் சட்டையைப் பிடித்தான். "கைய எடு மாப்ளே" என்றார். குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதுமே உயராது, அதனால்தானோ என்னவோ பக்கத்து மேடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "சம்பந்தியம்மா, இவ தண்ணி குடிக்கணும். குடிச்சா போகணும். போனா திரும்பி வருவா. அவ்வளவுதான் விஷயம். ஆனா இது தெனமும் உண்டு, ராத்திரியிலயும் உண்டு, ஆயுசுக்கும் உண்டு. இவ உடம்புல ஒரு கல்லு சேருது, ரத்தத்துல வந்தது, இவ அம்மாகிட்ட பாதி, எங்கிட்ட பாதி. தண்ணி குடிச்சா அடங்கும், மாத்திரை இருக்கு. குடிக்கலன்னா இவ அம்மா போன வழிதான். அது அடக்கமா நின்னுச்சு, ஒரு வாய் தண்ணி கேக்கல, செத்துப்போச்சு." நாகசுந்தரம் தரையைப் பார்த்தான். மங்கையர்க்கரசி சங்கவியைப் பார்த்தாள், பிறகு அந்தப் பாட்டிலை. "எம் புள்ளைக்குத் தெரியுமா இது?" "தெரியாதுங்கத்த" என்றாள் சங்கவி. "நான் சொல்லல. சொல்ல பயமா இருந்துச்சு." "பயமா இருந்துச்சுன்னு சொல்லாம, எங்க வீட்டுக்கு வந்து என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டாள் அந்த அம்மாள். கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சங்கவி பாட்டிலைத் தூக்கிக் குடித்தாள், அண்ணாந்து, வாய் வைக்காமல், தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தாள். மோவாயிலிருந்து ஒரு சொட்டு மாம்பழ நிறப் பட்டில் விழப் போனது. ஜெபமாலை சட்டென்று புடவையை உருவிக்கொண்டாள்.

பிறகு சங்கவி எழுந்தாள். வழக்கம் முறிந்தது, யாரும் கையைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள், மகனின் பெயரைத் தேடிப் பிடித்தாள், அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் என்ன சொல்வாள்? சொல்லட்டும். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று நினைக்க முயன்றார், நினைப்பு அந்த இடத்தில் முள்ளில் மாட்டிய துணிபோல நின்றது. நிற்கக் கூடாதுதான், அந்தப் பையனிடம் பேசும்போது சங்கவியின் குரல் எப்படி மாறும் என்று சுவருக்கு அந்தப்புறம் இருந்து கேட்டவர்தானே அவர். ஆனாலும் நிற்கட்டும். ஒளித்துவைத்து ஒளித்துவைத்துத் தாகத்தில் அவள் வாழ்வதைவிட, நிற்கட்டும். "எங்கக்கா பாத்ரூம்?" என்று சங்கவி கேட்டாள். "கஸ்டமருக்கு ரெண்டாவது மாடியில இருக்கும்மா" என்ற ஜெபமாலை, தளத்தின் கோடியில் நின்ற சூப்பர்வைசரை ஒரு பார்வை பார்த்தாள். மங்கையர்க்கரசி தலையை நிமிர்த்தாமலே, "நீயும் கூடப் போம்மா, கல்யாணப் பொண்ணத் தனியா அனுப்பக் கூடாது" என்றாள். ஜெபமாலையின் முகம் ஒரு கணம் அவிழ்ந்தது. "சார், கல்யாணப் பொண்ணு சார், கூட்டிட்டுப் போறேன்" என்று அந்தக் கோடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சங்கவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைவிட வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாகப் படிக்கட்டை நோக்கிப் போனாள். "வாங்கம்மா சீக்கிரம், காலைலேர்ந்து..." என்பது மட்டும் கேட்டது, மீதி படிக்கட்டுக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் சிரிக்கிற மாதிரியும் கேட்டது. தெய்வசிகாமணி நாற்காலிக்குத் திரும்பவில்லை. நின்றார். மங்கையர்க்கரசி போனைக் காதில் வைத்து, "பிரசன்னா, வேலையா இருக்கியா, ஒரு நிமிஷம் வெளிய வா" என்றபடி ஜன்னல் பக்கம் நடந்தாள். மேடையில் விரித்த புடவைகள் விரித்தபடியே கிடந்தன, மடிக்க அங்கே ஆள் இல்லை.